நான் எழுதியவள் சாகவில்லை

கண்ணு, நீ கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய சினிமாக் கதைக் கட்டு வந்து சேர்ந்தது. அடுப்பை மூட்டுவதற்கு முன்பே படிக்க உட்கார்ந்தவள், முடித்த பிறகுதான் எழுந்தேன். கட்டோடு நீ வைத்திருந்த துண்டுச் சீட்டையும் படித்தேன். "கடைசியில் அவளைச் சாகவிட்டிருக்கிறேன் அம்மா, இல்லாவிட்டால் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார், உனக்குப் பிடிக்காது என்று தெரியும், கோபித்துக்கொள்ளாதே" என்று எழுதியிருக்கிறாய். கோபம் வரத்தான் செய்தது. அதனால்தான் இந்தப் பதிலை உனக்குத் தபாலில் போடாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் பெயரையோ உன் ஸ்டூடியோவின் பெயரையோ எழுதவில்லை, பயப்படாதே. ஆனால் அம்மா மகனிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லவேண்டிய சங்கதியாக இதை நான் நினைக்கவில்லை. காதல் காட்சி எழுதுகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும். எங்கள் பூந்தமல்லிக்காரர்களும் படிக்கட்டும். அவர்கள் ஒருநாள் என்னைக் கேட்ட கேள்விக்கு இது பதிலாகவும் இருக்கட்டும்.

நீ எழுதியிருக்கும் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. ரங்கூனுக்குப் போன புருஷன், அங்கே குண்டு விழுந்த பிறகு திரும்பவில்லை. இருக்கிறானா செத்தானா என்று சொல்ல ஆளில்லை. தாலியோடு இருப்பதா, கழற்றி வைப்பதா என்றுகூடத் தெரியாமல் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள். அரிசி அளந்து போடுகிறவனுக்கு அவள்மேல் மனம் போகிறது. நல்ல தொடக்கம். இந்த அம்பத்தூரிலேயே அப்படி நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், நீ பார்த்துதான் எழுதியிருப்பாய். ஆனால் இரண்டாம் காட்சியிலேயே மழையைக் கொட்டவைத்து, இருவரையும் ஒரு கூரைக்குக் கீழே தள்ளி, கட்டிப்பிடிக்கவைத்துவிட்டாய். மூன்றாம் காட்சியில் பாட்டு. அதற்கப்புறம் ஜனங்கள் எதற்காகத் திரையைப் பார்க்கவேண்டும்? உனக்கே அது தெரிந்துவிட்டது. அதனால்தான் ஊரைக் கூட்டிவந்து ஏசவைக்கிறாய், அவள் கையில் அரளி விதையைக் கொடுக்கிறாய், "நான் பாவி" என்று சொல்லவைத்துச் சாகடிக்கிறாய். ஆசையை அவசரப்பட்டு நீ செலவழித்தாய், தண்டனையை அவள் அனுபவிக்கிறாள். இது என்ன நியாயம்?

நான் எப்படி எழுத வந்தேன் என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உன் அப்பா காய்ச்சலில் போனபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். பூந்தமல்லியில் உன் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். அவர் எனக்குச் சோறு போட்டார், நான் அவர் வீட்டு வேலையெல்லாம் செய்தேன், பாக்கி எதுவும் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் கையில் இருந்தது. மத்தியானங்களில் கதை எழுதிப் பட்டணத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் போட்டேன். அதை ஆண் பெயர் என்று நம்பி ஒருநாள் டைரக்டர் சேஷு வேர்க்க விறுவிறுக்க வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, ஊட்ல ஐயா இல்லியா? கதை எழுதுறாரே, அவரு."

"ஐயா இல்ல. எழுதறது நான்தான்" என்றேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், அப்புறம் தெருவைப் பார்த்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். "சின்னப் படம் ஒண்ணு வேணும்மா. பெரிய படத்துக்கு முன்னாடி போடறதுக்கு. மாமனார் மருமவன் அடிச்சிக்கிற தமாஷெல்லாம் ஜனத்துக்கு அலுத்துப்போச்சு. காதல் கதையா, சுருக்கமா, ஜனம் மூச்சு உடாம பாக்கணும். எழுதுவியா?" என்றார். எழுதுவேன் என்றேன். நான் அதுவரை பார்த்திருந்த டாக்கிப் படங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிலெல்லாம் காதல் என்றால் நந்தவனத்தில் நின்று பாடுவதுதான்.

எனக்குத் தெரிந்தது நந்தவனம் அல்ல, பூந்தமல்லியிலிருந்து பட்டணம் போகும் பஸ். அதில்தான் என் பெண்ணை ஏற்றினேன். இளம் விதவை. ரவிக்கை தைத்துப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டுபோகிறவள். பின்வரிசையில் பெண்களோடு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு பெரிய மனிதர்களுக்கு, அவர்கள் வராவிட்டால் காலியாகவே போகும். ஒருநாள் மழை. பின்பக்கம் கூரை ஒழுகுகிறது. டிரைவர் இறங்கிவந்து, "மூட்டை நனையுது, இப்டி குடும்மா" என்று வாங்கிக்கொண்டுபோய்த் தன் பக்கத்து சீட்டில் வைக்கிறான். அவ்வளவுதான். மறுதடவை மழை இல்லை, ஆனால் கையை நீட்டுகிறான். அவளும் கொடுக்கிறாள். அதன்பிறகு மூட்டை முன்னால், அவள் பின்னால். பள்ளம் வரும்போது அவன் ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொள்கிறான். வெயில் அடித்தால் தன் துண்டை அதன்மேல் போடுகிறான். பின்னாலிருந்து அவள் பார்த்துக்கொண்டே வருகிறாள். அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் மூட்டையைப் பற்றித்தான். "இன்னிக்கி கனமா கீதே." "தீபாவளி வருதில்ல." கடைசிக் காட்சியில் அவள் படியேறி, பின்னால் போகாமல், முன்னால் வந்து, மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் உட்காருகிறாள். பஸ் கிளம்புகிறது. படம் முடிகிறது.

சேஷு படித்துவிட்டு, "பாட்டு எங்கேம்மா? ஒரு தபா கையையாவது பிடிக்க வேணாமா?" என்றார். "பிடிச்சா படம் அங்கியே முடிஞ்சிரும் சார்" என்றேன். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மனிதர்கள் நடுவே வாழ்ந்தவளுக்குத் தெரியும். நெருங்க முடியாத இரண்டு பேர், அவர்களுக்கு நடுவில் இருவரும் தொடக்கூடிய ஏதோ ஒன்று. ஒருவர் தொட்ட இடத்தை இன்னொருவர் தொடுவதைக் காட்டினால் போதும், பார்க்கிறவன் நெஞ்சு தானாக அடித்துக்கொள்ளும். அடுத்த தடவை என்ன செய்வார்களோ என்று அவனே எண்ணத் தொடங்கிவிடுவான். அவன் எண்ணுவதைவிட ஒரு படி குறைவாகச் செய்யவை. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் குறை. பிறகு ஒரே ஒருமுறை, அவன் எதிர்பார்க்காதபோது, மீறவை.

வானகரம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அதுதான் ஸ்டூடியோ. நிஜ பஸ் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காக்கை கத்தினால் ஒலிப்பதிவு கெட்டுவிடும் என்று ஒரு ஆள் தகர டப்பாவைத் தட்டித் துரத்திக்கொண்டே இருந்தார். பிறகு அவர் தட்டுகிற சத்தமே பதிவாகிவிட்டது என்று அவரைத் துரத்தினார்கள். டிரைவராக நடிக்க வந்தவர் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர். "மூட்டை நனையுது" என்பதை எதிரிப் படைக்குச் சவால் விடுவதுபோலச் சொன்னார். விதவையாக நடித்தவள் காந்தாமணி. அவளும் நாடகக்காரிதான், ஆனால் குறும்புக்காரி. "ஏம்மா, அந்தாளு என்னியப் பாக்கவே கூடாதா?" என்று கேட்டாள். "கூடாது. மூட்டையத்தான் பாக்கணும்" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரித்தாள். "அப்ப ஜனம் பூரா என்னியத்தான் பாக்கும்" என்றாள். அதற்குப்பின் அவள் ஒரு வார்த்தையைக்கூட அதிகப்படியாகப் பேசவில்லை.

பட்டணத்தில் சென்சாருக்குக் காட்டினார்கள். எதை வெட்டுவது? முத்தமில்லை, தொடுகை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஒரு பொம்பளை மூட்டையைத் தூக்கி மடியில் வைப்பதையா வெட்டமுடியும்? முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். எல்லை தாண்டுவது என்றால் ஆடையைக் குறைப்பது என்று உன் வயதுப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதை எவனும் கத்தரிக்கோலால் சரிசெய்துவிடுவான். ஒரு பெண் தனக்கு ஒதுக்காத இடத்தில் போய் உட்கார்ந்தால், அதைத்தான் இந்த ஊரால் தாங்கமுடியாது. அதற்குக் கத்தரிக்கோலும் கிடையாது.

பூந்தமல்லி டென்ட் கொட்டகையில் மாலை ஆட்டத்துக்கு அதைப் போட்டபோது நானும் போயிருந்தேன். பெண்கள் பக்கம் தட்டி மறைப்புக்குள் மண்தரையில் உட்கார்ந்திருந்தேன். நான் எழுதியது என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் ஆண்கள் பக்கம் சிரிப்பு. மழைக்குப் பிறகு சிரிப்பு நின்றது. வெயிலில் மூட்டைக்குத் துண்டு போட்டபோது என் பக்கத்தில் இருந்தவள் "ச்சே" என்று சொன்னாள், திட்டியதுபோல இல்லை, தாகத்துக்குத் தண்ணீர் குடித்தவள் சொல்வதுபோல. கடைசியில் காந்தாமணி படியேறி, முன்னாலும் பின்னாலும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் அப்படி நிற்கச் சொல்லி எழுதியிருந்தேன், ஆனாலும் அவள் எங்கே உட்காருவாள் என்று தெரியாதவள்போல நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் ஓங்கிக் கேட்டது: "குந்துடீ! இன்னாத்துக்கு முழிக்கிறே, குந்து!"

டென்ட் முழுக்க ஓ என்று கத்தியது. அவள் உட்கார்ந்தாள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி செங்கேணி, நாற்று நடப் போகிறவள், கழனியோரத்துக் குடிசைகளில் இருந்தவள். அன்றுவரை அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை வேறு எதுவும் எனக்குத் தந்ததில்லை. நீ பிறந்ததைக்கூடச் சேர்த்தே சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

ஊருக்கு விஷயம் கசிய அதிக நாள் ஆகவில்லை. சேஷுதான் பெருமையாக யாரிடமோ சொல்லியிருக்கிறார். உன் பெரியப்பா கோபத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதரில்லை அவர். உனக்குப் பட்டம் செய்து கொடுத்தவர் அவர்தான்.

"ஊர்ல தலகாட்ட முடியல. பஸ் ஸ்டாண்டாண்ட நாலு பேரு நின்னுகினு, எந்த டிரைவருன்னு என்னியக் கேக்கறானுங்க. அது உன் கதைன்னு பேசிக்கிறாங்கம்மா" என்றார்.

"என் கதையா இருந்தா இன்னா?" என்றேன்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நான் அழுவேன், இல்லை என்று சத்தியம் செய்வேன் என்று நினைத்திருப்பார். உன்னிடமும் அதையே சொல்கிறேன். எந்த டிரைவர் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, அந்த நாகரிகம் உனக்கு உண்டு. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆண்பிள்ளை ராஜா கதை எழுதினால் அவன் எந்த நாட்டை ஆண்டான் என்று யாரும் விசாரிப்பதில்லை. பெண் எழுதினால் மட்டும் முகவரி கேட்கிறார்கள். கேட்கட்டும். சொல்லவேண்டியது என் வேலை இல்லை.

படத்துக்குப் பணம் போட்டவர் ஆவடிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்தவர். ஊர்ப் பெரியவர்கள் வண்டி கட்டிக்கொண்டு அவரிடம் போனார்கள். அவர் சேஷுவைக் கூப்பிட்டார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து அதே டென்டில் மறுபடி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். காந்தாமணி படியேறினாள், நின்றாள், உட்கார்ந்தாள். நான் எழுந்து போகலாம் என்று நினைத்தபோது திரையில் ஒரு கிணறு வந்தது. வெள்ளைச் சேலை கட்டிய யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு அதை நோக்கி ஓடினாள். அது காந்தாமணியே இல்லை, தோள் அகலமே காட்டிக்கொடுத்தது. தண்ணீர்ச் சத்தம். பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், தவறிய பெண்ணுக்குத் தெய்வம் கொடுத்த கூலி என்றது.

எழுந்தேன். தட்டியைத் தள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றேன். என் நிழல் அந்தக் கிணற்றின்மேல் விழுந்து அதை மறைத்தது. "இது பொய். இத்த எழுதுனது நான். நான் எழுதுனவ சாகல. அவ பஸ்சுல பட்டணம் போயிட்டா" என்று கத்தினேன். ஆண்கள் பக்கமிருந்து வசவு வந்தது. மண்ணாங்கட்டி ஒன்று வந்து காலில் விழுந்தது. உன் பெரியப்பா அந்தக் கூட்டத்தில் இருந்தார், எழுந்திருக்கவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து சாமி படம் போடவேண்டும், டென்ட்காரர் என்னை வெளியே போகச் சொன்னார். எல்லாப் பெண்களும் எழுந்து என் பின்னால் வந்தார்கள் என்று எழுத ஆசைதான். வரவில்லை. டிக்கெட் வாங்கியிருந்தார்கள், சாமி படம் பார்க்கவேண்டும். செங்கேணி மட்டும் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். "கெணத்துல உழுந்தது அவ இல்லன்னு எனுக்குத் தெரியும்மா. அவ உழறவ கெடையாது" என்றாள்.

மறுநாள் காலை உன் பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எழுதறத உட்டுட்டு இருக்கிறதுன்னா இரு. இல்லன்னா உன் இஷ்டம்." அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கோபம் ஆறியதும் இருந்தும் இருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னதால் அது முடிவு என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. உன்னையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் முன்சீட்டுக் காலியாக இருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கேதான் உட்கார்ந்தேன். நீ எனக்கும் டிரைவருக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தாய். அந்த டிரைவர் பல்லுப்போன கிழவர், ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்.

அம்பத்தூரில் ரயிலடிக்குப் பக்கத்தில் குடியேறியது உனக்கு நினைவிருக்கும். கிராமபோன் தட்டுகளுக்குச் சின்னச் சின்ன நாடகம் எழுதிக் கொடுத்தேன். புருஷன் பெண்சாதி சண்டை, மாமியார் மருமகள் சண்டை என்று கேட்டதையெல்லாம் எழுதினேன். நடுவில் எங்கேயாவது ஒருத்தியை ஒரு அடி எல்லைக்கு வெளியே நடக்கவைப்பேன். முகம் தெரியாத தட்டு, யாருக்கும் உறுத்தவில்லை. அந்தக் காசில்தான் நீ படித்தாய்.

சில வருடங்கள் கழித்து காந்தாமணி என்னைத் தேடி வந்தாள். நாடகத்தோடு ஊர் ஊராகப் போய்வந்தவள். "அந்தப் படம் தெற்க ஒரு டூரிங் டென்ட்ல ஓடுச்சும்மா. கெணறு வந்தவொடனே ஜனம் கூச்சல் போட்டு பெஞ்ச ஒட்ச்சிட்டானுங்களாம். ரீலு ஓட்றவன் இன்னா செஞ்சான் தெரியுமா? கெணத்த வெட்டித் தூக்கிக் கடாசிட்டான். இப்ப அங்கெல்லாம் நான் பட்டணம் போய்ச் சேந்துடறேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த ரீலும் யுத்தத்தில் எங்கே போயிற்றோ தெரியாது. போனால் போகட்டும்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். மழையை எடுத்துவிடு. கட்டிப்பிடிப்பதையும் எடுத்துவிடு. ரேஷன் கடையில் அவன் என்ன செய்வான்? கார்டிலுள்ள பெயரை உரக்கக் கூப்பிடுவான். கார்டு புருஷன் பெயரில்தானே இருக்கும்? வாராவாரம் அந்தத் திரும்பாத மனிதன் பெயரை அவன் தன் வாயாலேயே கூப்பிடவேண்டும், அவள் முன்னால் வந்து நிற்கவேண்டும். ஒவ்வொரு வாரமும் அந்தப் பெயரைச் சொல்வது அவனுக்கு எப்படிக் கடினமாகிறது என்று காட்டு. அவன் அரிசியை அதிகமாகப் போட வேண்டாம், கல் இல்லாத மூட்டையிலிருந்து அளக்கட்டும். அதை அவள் வீட்டில் முறத்தில் கொட்டிப் பார்க்கும்போதுதான் கண்டுபிடிக்கட்டும். பிறகு ஒருநாள், நீண்ட வரிசை, வெயில், எல்லோரும் இருக்கும்போது, அவன் வாயில் புருஷன் பெயர் வரவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். வரிசையே திரும்பிப் பார்க்கிறது. அவள் ஓடட்டுமா, நிற்கட்டுமா, அதை நீ முடிவு செய். நானாக இருந்தால் பையை எடுத்துக்கொண்டு, எல்லோரையும் தாண்டி, முன்னால் நடக்கவைப்பேன். தாலி கழுத்திலேயே இருக்கட்டும். அதை ஏன் கழற்றவில்லை என்று ஜனங்கள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சண்டை போடட்டும். அந்தச் சண்டைதான் நீ எழுதவேண்டியது, அவள் பிணம் இல்லை.

முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்கிறாய். ஒத்துக்கொள்ளாமல் போகட்டும். அவர் கிணறு கேட்பார், அரளி கேட்பார், ரயில் கேட்பார். முடியாது என்று நின்று சொல். வேலையை விட்டு அனுப்பினால் ரயிலேறி வா. ஆவடி ராணுவக் கிடங்கில் கணக்கு எழுத இன்னும் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், எனக்கும் கண் தெரிகிறது, கை எழுதுகிறது, நாம் இரண்டு பேர் சாப்பிட இந்த வீட்டில் வழி இருக்கிறது. சோற்றுக்குப் பயந்து யாரையும் கொல்லாதே.

உன் அம்மா